தூந்திராவில் பிறந்து கண்மாயில் மேயும் பறவைகள்: மதுரையைச் சுற்றி ஒரு பொங்கல் வாரம்

போகி – சாமநத்தம் கண்மாய்

ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள். 2015-லிருந்து நடக்கிறது, பெயரே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புதான். நானும் அக்கா மகனும் மதுரைப் பக்கத்துக் கண்மாய்களை எடுத்துக்கொண்டோம். கணக்கில் எல்லாப் பறவையும் சேரும். ஆனால் தினமும் இங்கே எழுதப் போவது தூந்திராவோடு, அதாவது வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத உறைநிலத்தோடு, தொடர்புள்ளவற்றைப் பற்றி மட்டும். கூழைக்கடாவையும் நாரையையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சேற்றில் ஓடும் பொடிப் பறவைகளை யாரும் கண்டுகொள்வதில்லை.

விடியற்காலையிலேயே ரிங் ரோட்டு ஓரத்தில் காப்புக்கட்டு வியாபாரம் தொடங்கிவிட்டது. வேப்பிலை, ஆவாரம்பூ, கண்ணுப்பீளை எல்லாம் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடந்தன. வீட்டுக்கும் சேர்த்து ஒரு கட்டு வாங்கி வண்டியில் செருகிக்கொண்டு சாமநத்தம் போய்ச் சேர்ந்தபோது லேசாகப் பனி மூடியிருந்தது.

பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கரைமேல் ஏறி நின்று நடுத்தண்ணீரைப் பார்ப்பார்கள். அங்கே கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கீழே வாத்துக் கூட்டம். கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். எங்களுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். உள்வாயில், தண்ணீர் விரல் ஆழத்துக்கு இளைத்துச் சேறாக முடிகிற இடம்.

அங்கே இருந்தது கொசு உள்ளான் கூட்டம். எடை 25 கிராம் அளவு, சிட்டுக்குருவி கனம்தான். முதுகில் சாம்பலும் பழுப்பும், வயிறு வெள்ளை, காலும் அலகும் கறுப்பு. முட்டிபோட்டு உட்கார்ந்து பைனாகுலரில் ஒரே ஒரு பறவையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அடி வைக்கும், ஒரு கொத்து. இன்னொரு அடி, இன்னொரு கொத்து. தலை நிமிர்வதே இல்லை. திடீரென்று அலகு நுனியில் சிவப்பாக நூல் மாதிரி ஏதோ நெளிந்தது. தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு விழுங்கியது. மீன் தொட்டிக் கடைகளில் 'ப்ளட் வார்ம்' என்று விற்பார்களே, அதே சிவப்புப் புழு. கடிக்காத ஒரு கொசு ஜாதிப் பூச்சியின் புழுப்பருவம் அது.

தூந்திராவிலும் இந்தப் பறவைக்கு முக்கியமான சாப்பாடு இதே குடும்பத்துப் பூச்சிகளும் புழுக்களும்தான். ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தாலும் இலையில் விழுவது அதே சோறு. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

"அங்க பனியில புழு எப்படி மாமா இருக்கும்?" என்றான் மருமகன். நியாயமான கேள்வி. ஸ்காண்டிநேவியாவின் வடகோடி தொடங்கி சைபீரியாவின் வடக்கு விளிம்பு நெடுக ஓடும் தூந்திராவில்தான் கொசு உள்ளான் கூடு வைக்கிறது. மரம் கிடையாது. பாசி, கற்பாசி, புல், தரையோடு படர்ந்த குட்டை வில்லோ, அவ்வளவுதான். குளிர்காலத்தில் மைனஸ் 30, 40 டிகிரியெல்லாம் சாதாரணம். ஆச்சரியம் என்னவென்றால், வானத்திலிருந்து விழும் தண்ணீர் ரொம்பக் குறைவு. பல இடங்களில் மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 150 முதல் 250 மில்லிமீட்டர்தான். மதுரைக்கே 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை உண்டு. அந்தக் கணக்குக்கு அது பாலைவனமாக இருக்க வேண்டும். ஆனால் கோடையில் மேலே பறந்து பார்த்தால் எங்கும் குளமும் குட்டையும் சதுப்பும்தான்.

காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மண் உள்ளே உறைந்தே கிடக்கிறது, சைபீரியாவில் பல இடங்களில் சில நூறு மீட்டர் ஆழத்துக்கு. ஜூனில் மேலே 30 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரைதான் இளகும். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. குளிரில் ஆவியாவதும் குறைவு. அதனால் அப்படியே மேலேயே தேங்கி நிற்கிறது. ஆழமில்லாத தண்ணீர், இருபத்துநாலு மணி நேரமும் வெயில், அடியில் சேறு. புழுவுக்கு வேறென்ன வேண்டும்? சில வாரங்களுக்குள் கொசுவும் பூச்சியும் மேகம்போல எழும். ரெய்ண்டீர் மந்தைகள் கொசுக்கடி தாங்காமல் காற்றடிக்கும் மேட்டுக்கும் கடற்கரைக்கும் ஓடுமாம்.

அந்தச் சில வாரங்களுக்காகத்தான் இவ்வளவு பயணமும். கூடு என்பது தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் நான்கு முட்டை. பல சமயம் பெட்டை ஒரு கூட்டை ஆணின் பொறுப்பில் விட்டுவிட்டு இன்னொரு கூட்டில் முட்டையிட்டுத் தானே அடைகாக்கும். வேலை பாதிப் பாதி. குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து நடந்து தன் இரையைத் தானே கொத்த ஆரம்பித்துவிடும். ஊட்டிவிடுவதெல்லாம் கிடையாது, குளிருக்குச் சிறகடியில் இடம் கொடுப்பதோடு சரி. அப்புறம் பெரியவை முதலில் தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் பிறகு கிளம்பும், வழிகாட்ட ஆளில்லாமல். சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம், பிறவியிலேயே இருக்கும் திசையுணர்வு, இவைதான் துணை.

"இதுங்களுக்கு மேப் வேணாமா?" என்று கேட்டவன் வரும்போது ரிங் ரோட்டில் திருப்பத்தைத் தவறவிட்டவன்.

தை 1 – சோழவந்தான் வயல்கள்

இன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. தெற்குப் பக்கம் பஸ்ஸெல்லாம் சுற்றுவழி, போலீஸ் தடுப்பு. வீட்டில் பொங்கல் பொங்கியதும் சாப்பிட்டுவிட்டு, எதிர்த்திசையில் சமயநல்லூர் வழியாகச் சோழவந்தான் போய்விட்டோம். வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டினால் வைகைப் பாசன வயல்கள். முன்கூட்டி அறுத்த ஒன்றிரண்டு வயல்களில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. தாளுக்கு நடுவில் பேதை உள்ளான் கூட்டம், ஐம்பதுக்குக் குறையாது. பொரி உள்ளான் சிலவும் கலந்திருந்தன. அவை தூந்திராவுக்குக் கொஞ்சம் தெற்கே, ஊசியிலைக் காட்டுச் சதுப்புகளில் பிறந்தவை.

பேதை உள்ளானை இங்கே பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரணப் பழுப்புப் பறவை. சின்னத் தலை, நீண்ட கழுத்து, கொஞ்சம் தொந்தி. பெரும்பாலும் பெட்டைகளாகத்தான் இருக்கும். ஆண்கள் பலவும் குளிர்காலத்துக்கு வடக்கிலேயே ஏதாவது ஓரிடத்தில் தங்கிவிடும், பெட்டைகள்தாம் அதிகம் தெற்கே இறங்கும்.

இதே பறவையின் ஆணை மே கடைசியில் ரஷ்யத் தூந்திராவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. கழுத்தைச் சுற்றி விசிறி மாதிரி இறகு எழும்பியிருக்கும். ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்குச் செம்பழுப்பு, ஒன்றுக்கு வெள்ளை. ஆண்களெல்லாம் ஒரு மேட்டில் கூடும். ஆளுக்கு ஒரு சாண் இடத்தைப் பிடித்துக்கொண்டு எகிறும், பதுங்கும், முட்டும். பெட்டைகள் ஓரமாக நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போகும். ஜல்லிக்கட்டு நடக்கிற நாளில் இதை விளக்குவது எனக்குச் சுலபமாகிவிட்டது.

இதில் ஒரு கூத்து உண்டு. எல்லா ஆணும் களத்தில் இறங்குவதில்லை. கறுப்பும் பழுப்புமாகக் கழுத்து வைத்திருப்பவை இடம் பிடித்துச் சண்டை போடுகிறவை. வெள்ளைக் கழுத்துக்காரர்கள் சண்டைக்கு வராமல் இவர்கள் பக்கத்திலேயே நின்று சந்தர்ப்பம் பார்ப்பார்கள். மூன்றாவது வகை, நூற்றுக்கு ஒன்று இருந்தால் அதிகம். கழுத்து இறகே இல்லாமல் பார்ப்பதற்குப் பெட்டை மாதிரியே இருக்கும். களத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்து காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடும். மூன்றும் பிறப்பிலேயே முடிவாவது. சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குரோமோசோம் துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதில் ஆரம்பித்த கதை இது என்று 2015-ல் மரபணு ஆய்வுகள் வெளியாயின.

"மூணாவது ஆளுதான் மாமா புத்திசாலி" என்று மருமகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். வாடிவாசல் பக்கமே போகாமல் டிவியில் ஜல்லிக்கட்டு பார்க்கிறவன் வேறென்ன சொல்வான்.

தை 2 – அரிட்டாபட்டி, திரும்பும்போது வண்டியூர்

மாட்டுப்பொங்கல். மேலூர் ரோடு காலியாகக் கிடந்தது. வழியில் ஒரு செல்போன் டவரின் நடுக்கம்பியில் கனமான ஒரு பறவை. வண்டியை ஓரங்கட்டினோம். மேல்புறம் வெளிறிய சாம்பல், நெஞ்சு நல்ல வெள்ளை, கண்ணுக்குக் கீழே மெல்லிய கறுப்பு மீசை. பைரி என்கிற வேட்டைப் பறவை. அதிலும் யூரேசியத் தூந்திராவில் கூடு வைக்கிற வகை. பத்து நிமிஷம் இறகு கோதிவிட்டு, எதையோ பார்த்துச் சாய்ந்து இறங்கிப் போய்விட்டது.

அரிட்டாபட்டியில் பாறையின் விளிம்பில் அதன் பங்காளி உட்கார்ந்திருந்தது. ஷாஹீன். அதுவும் பைரிதான், ஆனால் உள்ளூர்க்காரர். முதுகு கருத்திருக்கும், வயிறு செம்பழுப்பு, தலை முழுக்கக் கறுப்புத் தொப்பி. நம் பாறைகளிலேயே பிறந்து இங்கேயே வாழ்வது. ஒரே இனத்தில் இரண்டு கிளையை ஒரே காலையில், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் பார்ப்பதெல்லாம் மதுரைக்காரர்களுக்கு வாய்த்த யோகம். அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்து 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு இந்த வேட்டைப் பறவைகளும் ஒரு காரணம். நடுவில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊரே திரண்டு நின்று, 2025 ஜனவரியில் அது ரத்தானது எல்லோருக்கும் தெரிந்த கதை. சமணர் படுக்கை, குடைவரைக் கோயில் பற்றியெல்லாம் இன்று எழுதப் போவதில்லை.

பைரி என்றால் மற்ற பறவைகளுக்கு எமன். ஆனால் சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் செங்கழுத்து வாத்து ஒன்று உண்டு, அது வேண்டுமென்றே பைரியின் கூட்டுக்குப் பக்கத்திலேயே முட்டையிடும். பைரி தன் கூட்டுக்கு அருகே தரையில் இருக்கிற பறவைகளை அடிப்பது குறைவு. ஆனால் அங்கே வருகிற நரியை விரட்டி விரட்டித் தாக்கும். வாத்துக்குச் சம்பளமில்லாத காவல்.

அந்த நரிதான் விஷயத்தின் மையம். துருவ நரி முதலில் தேடுவது லெம்மிங் என்கிற எலியை. வாலே இல்லாதது போன்ற, உருண்டையான, உள்ளங்கை அளவு எலி. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லெம்மிங் எக்கச்சக்கமாகப் பெருகும், அப்புறம் சடாரென்று விழுந்துவிடும். பெருகிய ஆண்டில் நரிக்கும் பனி ஆந்தைக்கும் நிறையக் குட்டி, குஞ்சு. அடுத்த ஆண்டு எலி இல்லை, ஆனால் பசித்த வாய் மட்டும் அதிகம். நரி என்ன செய்யும்? தரையில் கிடக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் திரும்பும். தைமிரில் லெம்மிங் விழுந்த ஆண்டுகளில், அங்கே கூடு வைக்கும் வளைமூக்கு உள்ளானின் இளம் பறவைகள் ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு வந்து சேர்வது வெகுவாகக் குறைந்ததை ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்கள். பனிக்கு அடியில் எலி எப்படி இருந்தது என்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு சேற்றில் தெரிந்துவிடுகிறது. நம் கண்மாய்களிலும் இதைப் பார்க்க ஆசை. ஆனால் அதற்குப் புரட்டாசி, ஐப்பசியிலேயே வந்திருக்க வேண்டும். அப்போதுதான் இளசுகளின் இறகு ஓரத்தில் வெளிர்க்கோடு தெளிவாகத் தெரியும். தை வந்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல்.

திரும்பும்போது மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் வண்டியூர் கண்மாய். கரையில் நடைபாதை, விளக்கு, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். நீர்க்காகம் இருந்தது, கூழைக்கடா இருந்தது. நான் நின்று பார்த்த வரையில் உள்ளான் ஒன்றுகூட இல்லை. நான் நடைபாதைக்கு எதிரியில்லை, மாலையில் நானும் நடக்கிறவன்தான். ஆனால் கண்மாயைச் சீரமைப்பது என்றாலே ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, கிண்ணம் மாதிரி ஆக்குவது என்று எல்லா ஊரிலும் ஆகிவிட்டது. கொசு உள்ளானுக்குக் கால் நீளமே இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். அதற்கு மேல் ஆழமிருந்தால் அதற்கு அந்தக் கண்மாய் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மடை, கலுங்கு பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் தூர்வாருங்கள், விவசாயிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். எதிர்ப்பக்க உள்வாயைச் சரிவாகவே விட்டுவிட்டால் போதும். அந்தச் சரிவில் தண்ணீர் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும், தினம் புதுச் சேறு திறக்கும், தை முதல் பங்குனி வரை பறவைக்குப் பந்தி நடக்கும். செலவும் மிச்சம்.

தை 3 – பூவந்திப் பக்கம்

அலங்காநல்லூர் நாள். உலகமே வடக்கே போக, நாங்கள் சிவகங்கை ரோட்டில் கிழக்கே போனோம். பூவந்தி நெருங்கும்போது அறுத்த வயலில் ஆட்டுக்கிடை. முந்நூறு ஆடு இருக்கும், எல்லாம் ராமநாதபுரம் வெள்ளை. ஆட்டுக் கால்களுக்கு நடுவே மஞ்சள் வாலாட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆடு நகரும்போது எழும் பூச்சியை எகிறிப் பிடிக்கும், மறுபடி இன்னொரு காலடிக்கு ஓடும். சில ஆண்களுக்குத் தலை கருஞ்சாம்பலாக இருந்தது. நார்வே, பின்லாந்தின் வடக்கிலும் சைபீரியாவிலும் கூடு வைக்கும் கிளை அது.

கிடைக்குப் பொறுப்பான கீதாரி வரப்பில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம்.

"அங்கிட்டும் கிடை உண்டா தம்பி?"

"இருக்குங்கய்யா. ஆடு இல்ல, மான் மாதிரி. ரெய்ண்டீர்னு பேரு. நெனெட்ஸ்னு ஒரு ஜனம், யமால்னு ஒரு எடத்துல மேய்க்கிறாங்க. அவங்களும் ஒரு எடத்துல இருக்க மாட்டாங்க. வடக்கயும் தெக்கயுமா வருசம் பூரா நடைதான். போற எடத்துல கூடாரம் போட்டுக்கிறது. கூடாரமும் அந்த மான் தோல்லதான்."

"எம்புட்டுத் தூரம் நடப்பாக?"

"ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் போற கூட்டமெல்லாம் உண்டுங்கய்யா."

அவர் ஒன்றும் அசந்துவிடவில்லை. ராமநாதபுரத்திலிருந்து ஆட்டோடு நடந்தே வருகிறவர். அந்த மானில் பொட்டைக்கும் கொம்பு உண்டு, கடாவுக்குக் குளிர்காலம் வந்ததும் கொம்பு விழுந்துவிடும், பொட்டைக்குக் குளிர்காலம் முழுக்க நிற்கும் என்று மருமகன் சொன்னதும்தான் திரும்பி உட்கார்ந்தார். "சினையா இருக்கறதுக்குத் தீனிக்குச் சண்டை போடணுமில்ல" என்றார். விலங்கியல்காரர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறார்கள்.

குளிர்காலத்தில் அந்த மான்கள் குளம்பால் பனியைத் தோண்டி, அடியில் இருக்கும் கற்பாசியைத் தின்னும். பனி எவ்வளவு விழுந்தாலும் பொடிப்பொடியாக இருக்கும்வரை கவலையில்லை. மழைதான் எமன். 2013 நவம்பரில் யமாலில் பனிமேல் மழை பெய்து, உடனே குளிர் இறங்கி, மேலே இரும்பு மாதிரிப் பனிப்பாளம் மூடிக்கொண்டது. குளம்பு இறங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. பக்கத்துப் பேரன்ட்ஸ், காரா கடல்களில் உறைபனி குறைந்துவருவதையும் இப்படிப்பட்ட மழையையும் விஞ்ஞானிகள் தொடர்புபடுத்துகிறார்கள். திறந்த கடலிலிருந்து ஈரம் எழும்பி நிலத்துக்கு வருகிறது.

இதைக் கேட்டதும் கீதாரி வெகுநேரம் பேசினார். அடைமழையில் நீலநாக்கு நோய் வந்து வாயெல்லாம் புண்ணாகி ஆடுகள் மேயாமல் படுத்துவிடுவது, ஈரத்தில் நின்று நின்று குளம்பு அழுகுவது, ஒரே வாரத்தில் பட்டியில் பாதி போனது. "வறட்சியில செத்தா பத்துப் பேர் வந்து கேப்பாக. மழையில செத்தா ஒருத்தரும் கேக்க மாட்டாக" என்றார். அந்த நெனெட்ஸ் ஆட்களுக்கு அரசாங்கம் ஏதாவது கொடுத்ததா என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கடைசியாக வாலாட்டிகளைக் காட்டி, இது எப்போது கிளம்பும் என்றார். சித்திரைக்குள் பெரும்பாலும் போய்விடும். அதற்கு முன் ஆண்களின் மஞ்சள் இன்னும் பளிச்சென்று ஏறும். கொசு உள்ளானுக்கும் அதே சமயத்தில் முகமும் நெஞ்சும் செங்கல் நிறமாகும். இந்த நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பங்குனி கடைசியில் ஒரு சுற்று வர வேண்டும், கண்மாயில் தண்ணீர் மிச்சமிருந்தால்.

போக நினைப்பவர்களுக்கு: சாமநத்தத்துக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் சேற்றுக்கு மேலே கானல் ஆடி எதுவும் தெளியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கமாக நில்லுங்கள். கரையிலிருந்து நேராக நடந்து போனால் பறந்துவிடும், ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அதுவாகவே பத்தடிக்குள் வரும். செருப்பைக் கழற்றி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். மருமகன் சேற்றில் விட்ட ஒற்றைச் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.